'பை', 'அன்டில்': வெள்ளிக்கிழமைக்குள்ளா, வெள்ளிக்கிழமை வரையா?

தங்கச்சிமடம் கணக்கர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகுக்காரர்களிடம் நண்டு வாங்கி, எடைபோட்டு, ஐஸ் வைத்துப் பெட்டிகட்டி வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு ஏற்றிவிடும் சிறிய கூடத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறேன். தமிழ்வழியில் படித்தவன் என்பதால் ஆங்கிலத்தை வாசித்துப் புரிந்துகொள்ள முடிகிறதே தவிர, எழுதும்போது சிறு சொற்களில் சறுக்கிவிடுகிறேன். பெரிய சொற்களுக்கு அகராதி கைகொடுக்கிறது. சிறு சொற்களுக்கு அகராதியைத் திறந்தாலோ, திறப்பதற்கு முன்பு இருந்த தெளிவும் போய்விடுகிறது.

நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்நிறுவனத்திலிருந்து, 'ப்ளீஸ் செண்ட் தி லோட் பை ஃப்ரைடே' என்று மின்னஞ்சல் வந்தது. 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம்' என்று சொல்ல நினைத்து, 'வீ வில் செண்ட் தி லோட் அன்டில் ஃப்ரைடே' என்று பதில் எழுதினேன். வெள்ளிக்கிழமை வரை நாள்தோறும் சரக்கு ஏறும், அதன்பிறகு நின்றுவிடும் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை வந்த வண்டி கால்பங்குதான் நிரம்பியது. புதன்கிழமை நாட்டுப்படகுகள் போகாமல் விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முறை என்பதால் எங்களிடம் நண்டே இல்லை. அன்று வந்த வண்டி வெறுமனே திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை நாட்டுப்படகுகள் போய்வந்து கூடம் முழுவதும் நண்டு குவிந்தபோது, வண்டி வரவே இல்லை. கூடுதல் ஐஸ் வாங்கி ஓர் இரவு காப்பாற்றி, மறுநாள் கிடைத்த விலைக்கு உள்ளூரிலேயே விற்றோம். முதலாளி என்னைத் திட்டவில்லை. "இனி எதுவானாலும் போனில் தமிழிலேயே பேசிவிடு, எழுதாதே" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

'பை', 'அன்டில்' என்னும் இரண்டு சொற்களுக்கும் பள்ளிக் குறிப்பேட்டில் 'வரை' என்றே பொருள் எழுதிக்கொண்டதாக நினைவு. இவற்றுக்கு உண்மையில் என்ன வேறுபாடு? எந்த இடத்தில் எது வரும் என்பதை எழுதும் நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது? 'டில்' என்று சிலர் எழுதுகிறார்களே, அது வேறு சொல்லா, 'அன்டில்' என்பதன் சுருக்கமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உச்சிப்புளி ஆசிரியர் எழுதிய பதில்:

தம்பி, முப்பது ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்கள் குறிப்பேட்டில் இரண்டுக்கும் 'வரை' என்று எழுதவைத்த ஆசிரியர்களின் கூட்டத்தில் நானும் ஒருவனாக இருந்திருக்கலாம் என்ற கூச்சத்தோடுதான் இந்தப் பதிலைத் தொடங்குகிறேன்.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம்' என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன: ஒன்று 'க்குள்', மற்றொன்று 'விடு' என்னும் துணைவினை. 'வெள்ளிக்கிழமை வரை' என்று தொடங்கியிருந்தால் உங்கள் நாவு 'அனுப்பிவிடுகிறோம்' என்று முடித்திருக்காது. 'அனுப்பிக்கொண்டிருப்போம்' என்றுதான் தானாகப் போயிருக்கும். தமிழில் 'க்குள்' வந்தால் 'விடு' துணைக்கு வருகிறது. 'வரை' வந்தால் 'கொண்டிரு' துணைக்கு வருகிறது. இதை எந்த இலக்கண வகுப்பிலும் நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் பேசத் தொடங்கிய குழந்தைகூட இதில் தவறுவதில்லை. ஆங்கிலத்தில் 'பை' என்பது 'க்குள்… விடு' என்னும் இணையின் இடத்திலும், 'அன்டில்' என்பது 'வரை… கொண்டிரு' என்னும் இணையின் இடத்திலும் நிற்கின்றன. எழுதுவதற்கு முன்பு வாக்கியத்தைத் தமிழில் வினைமுற்றோடு முழுமையாகச் சொல்லிப்பாருங்கள். 'விடு' ஒட்டினால் 'பை'. 'கொண்டிரு' ஒட்டினால் 'அன்டில்'.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெட்டி ஐஸைப் பற்றி, 'வெள்ளிக்கிழமை வரை தாங்கும்' என்றும் சொல்லலாம், 'வெள்ளிக்கிழமைக்குள் கரைந்துவிடும்' என்றும் சொல்லலாம். தாங்குவது நீண்டுகொண்டே இருக்கும் நிலை. அது வெள்ளிக்கிழமையில் போய் முட்டி நிற்கிறது. ஆகவே, 'தி ஐஸ் வில் லாஸ்ட் அன்டில் ஃப்ரைடே'. கரைந்து முடிவது ஒரு நிகழ்ச்சி. அது செவ்வாயிலும் நடக்கலாம், வியாழனிலும் நடக்கலாம், வெள்ளியைத் தாண்டாது. ஆகவே, 'தி ஐஸ் வில் மெல்ட் பை ஃப்ரைடே'. நாள் ஒன்றுதான், வினை மாறியதும் சொல் மாறிவிட்டது.

வலை பின்னுவது போன்ற வேலைகளில் இரண்டு சொற்களும் பொருந்தும். ஆனால் பொருள் வேறு. 'வீ மெண்டட் தி நெட் அன்டில் ஈவினிங்' என்றால் மாலை வரை வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தோம், வேலை முடிந்ததா என்பது தெரியாது. 'வீ மெண்டட் தி நெட் பை ஈவினிங்' என்றால் மாலைக்குள் முடித்துவிட்டோம், இடையில் நான்கு முறை தேநீர் குடிக்கப் போயிருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இனி, உங்கள் மின்னஞ்சல் ஏன் அப்படிப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதைப் பார்ப்போம். 'செண்ட்' என்பது ஒரு கணத்தில் முடியும் வினை. ஒரு பெட்டியை மூன்று நாள் தொடர்ந்து அனுப்ப முடியாது. அத்தகைய வினையோடு 'அன்டில்' சேர்ந்தால், வாசிப்பவர் அதைத் திரும்பத்திரும்ப நடக்கும் செயலாகப் புரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. நாள்தோறும் வண்டியை அனுப்பியவர்கள் உங்கள் வாக்கியத்தைச் சரியாகவே படித்திருக்கிறார்கள்.

இலக்கண அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. இதில்தான் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 'அன்டில்' பெயருக்கு முன்னும் வரும், முழு வாக்கியத்துக்கு முன்னும் வரும்: 'அன்டில் ஃப்ரைடே', 'அன்டில் தி வேன் கம்ஸ்'. 'பை' பெயருக்கு முன்பு மட்டுமே வரும். 'வண்டி வருவதற்குள்' என்பதற்கு 'பை தி வேன் கம்ஸ்' என்று எழுத முடியாது. 'பை தி டைம் தி வேன் கம்ஸ்' என்று இடையில் 'டைம்' என்னும் பெயரை நிறுத்தினால்தான் வாக்கியம் நிற்கும். தமிழிலோ 'வரும் வரை', 'வருவதற்குள்' என இரண்டும் வினையோடு தடையின்றிச் சேர்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. இன்னொன்று: 'வண்டி வரும் வரை' என்பதில் உள்ள 'வரும்' எதிர்காலம் போலத் தோன்றுவதால், 'அன்டில் தி வேன் வில் கம்' என்று எழுதத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'வில்' வராது. 'கம்ஸ்' என்று நிகழ்காலத்திலேயே எழுதவேண்டும்.

எதிர்மறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'பணம் வராத வரை சரக்கு ஏற்றமாட்டோம்' என்று நாம் சொல்கிறோம். இதை அப்படியே ஆங்கிலமாக்கி, 'அன்டில் தி பேமெண்ட் டஸ் நாட் கம், வீ வில் நாட் லோட்' என்று எழுதுபவர்கள் மாவட்டம் முழுவதும் இருக்கிறார்கள். 'வராத வரை' என்பதன் பொருள் 'வராமல் இருக்கும் காலம் முழுவதும்' என்பது. அதற்கு ஆங்கிலத்தில் 'அஸ் லாங் அஸ்' என்று வேறு தொடர் இருக்கிறது. 'அன்டில்' எழுதினால் பின்னால் வருவது உடன்பாட்டு வினையாக இருக்கவேண்டும்: 'அன்டில் தி பேமெண்ட் கம்ஸ்'. தமிழிலும் 'பணம் வரும் வரை ஏற்றமாட்டோம்' என்று சொல்ல முடியும் அல்லவா, அந்த வாக்கியத்தைத்தான் ஆங்கிலமாக்க வேண்டும்.

கடைசியாக, 'டில்' பற்றி. அது 'அன்டில்' என்பதன் சுருக்கம் அன்று. இரண்டில் அதுவே மூத்த சொல். அதன் முன்னே 'வரை' என்றே பொருள்படும் இன்னொரு சிறு சொல் ஒட்டி 'அன்டில்' பிறந்தது. இரண்டுக்கும் பொருள் ஒன்றே. பேச்சில் 'டில்' மிகுதி. கடிதத்தில், அதிலும் வாக்கியத்தின் தொடக்கத்தில், 'அன்டில்' எழுதுவது வழக்கம். 'டில்' எழுதும்போது இறுதியில் 'எல்' இரண்டு, 'அன்டில்' எழுதும்போது ஒன்று. ஏன் என்று கேட்காதீர்கள்.

பாம்பன் வாசகி எழுதிய பதில்:

ஐயா சொன்ன 'விடு', 'கொண்டிரு' அளவுகோலை வாசித்தவுடன், புயல் காலத்தில் வானிலைத் துறை வெளியிடும் ஆங்கில அறிவிப்புகள் நினைவுக்கு வந்தன. ஒரே அறிவிப்பில், கடலில் இருப்பவர்கள் இன்ன நாள் மாலைக்குள் கரை திரும்புமாறு கூறும் இடத்தில் 'பை' வரும். மறு அறிவிப்பு வரும் வரை கடலுக்குள் செல்லவேண்டாம் என்று கூறும் இடத்தில் 'அன்டில் ஃபர்தர் நோட்டிஸ்' என்று வரும். திரும்பிவிட வேண்டும் என்பது முடிந்துபோகும் செயல். போகாமல் இருக்கவேண்டும் என்பது நீளும் நிலை. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கூண்டு ஏற்றிய நாளில் கரையில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், எதிர்மறையில் ஐயா தொடாத ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது. நான் அதில் விழுந்து எழுந்தவள். மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது, எங்கள் சித்தப்பாவின் படகு எஞ்சின் பழுதாகிக் கடலில் நின்றுவிட்டது. வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ஊர்க்காரர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிய ஆங்கில வரியில், 'தி போட் டிட் நாட் ரிட்டர்ன் அன்டில் தர்ஸ்டே' என்று இருந்தது. 'வியாழக்கிழமை வரை படகு திரும்பவில்லை' என்று படித்துவிட்டு, அன்று வெள்ளிக்கிழமை என்பதால், இன்னும் வரவில்லை என்றே முடிவுகட்டி அழுதுகொண்டு பேருந்து ஏறினேன். வீட்டுக்கு வந்தால் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்!

அந்த ஆங்கில வரி சொன்னது, வியாழக்கிழமைதான் படகு திரும்பியது என்பதை. 'நாட்' என்பதோடு 'அன்டில்' வந்தால், அந்த நாள் வந்தபோது நிலை மாறிவிட்டது என்ற செய்தி பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழில் 'வியாழக்கிழமை வரை திரும்பவில்லை' என்றால் அதன்பின் என்ன ஆனது என்பது தொங்கலில் நிற்கிறது. கேட்பவர் மனம் கெட்டதைத்தான் நினைக்கும். ஆகவே அத்தகைய வாக்கியத்தை 'வியாழக்கிழமைதான் திரும்பியது' என்று 'தான்' போட்டுத் தமிழாக்க வேண்டும். உண்மையிலேயே திரும்பாமல் இருந்திருந்தால், 'தி போட் ஹேட் நாட் ரிட்டர்ன்ட் பை தர்ஸ்டே' என்று எழுதியிருப்பார்கள். அதன் பொருள், 'வியாழக்கிழமை ஆகியும் திரும்பவில்லை' என்பது. 'தான்', 'ஆகியும்' இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் இந்த இடத்தில் தடுமாற்றம் வராது.

கீழக்கரை வாசகர் எழுதிய பதில்:

வளைகுடாவில் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இதுவரை சொன்னவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன். 'அன்டில்' என்று ஒரு நாளைக் குறித்தால் அந்த நாள் உள்ளே சேருமா, சேராதா? ஊருக்கு விடுப்பில் வந்தபோது 'ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே' என்று எழுதிவிட்டு, திங்களும் விடுப்பு என்ற எண்ணத்தில் செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். மேலாளரோ திங்கட்கிழமை காலையிலேயே என் நாற்காலியைப் பார்த்திருக்கிறார்.

நான் புரிந்துகொண்ட வரையில், இந்தச் சொல்லுக்கு உறுதியான விடை இல்லை, வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. 'கடை திங்கள் வரை திறந்திருக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'ஓப்பன் அன்டில் மண்டே' என்றால் திங்களும் திறந்திருக்கும் என்று கொள்வார்கள். 'க்ளோஸ்ட் அன்டில் மண்டே' என்றால் திங்களன்று திறப்பார்கள் என்று கொள்வார்கள். நாளும் சொல்லும் ஒன்றாக இருக்க, பொருள் மட்டும் இப்படிக் கட்சி மாறுகிறது. 'பை'யில் இந்தத் தொல்லை இல்லை. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்ந்ததே. வெள்ளி சேரக்கூடாது என்றால் 'பிஃபோர் ஃப்ரைடே' என்று எழுதிவிடுவார்கள். நம் நாட்டு விண்ணப்பப் படிவங்களில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று அச்சிடுவது 'பை' என்பதையே ஐயத்துக்கு இடமில்லாமல் விரித்துச் சொல்வதுதான்.

மீன்பிடித் தடைக்கால ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று நாமெல்லாம் சொல்கிறோம். ஜூன் 14 சேருமா என்று யாராவது கேட்டால், எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஏப்ரலில் 16 நாள், மே மாதம் 31 நாள், ஜூனில் 14 நாள், ஆக 61. தடைக்காலம் 61 நாள் என்பது ஊரறிந்தது. ஆகவே இரு முனைகளும் உள்ளே சேர்கின்றன. முன்பு 45 நாளாக இருந்தபோது மே 29 வரை என்றார்கள். 16 நாளோடு 29 நாளைக் கூட்டினால் அதுவும் சரியாகவே வருகிறது. ஆனால் ஆங்கில ஆணையில் 'அன்டில்' என்ற சொல்லை நம்பி விட்டுவிடாமல், 'போத் டேஸ் இன்க்ளூசிவ்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு நாள் முன்னதாகப் படகை எடுத்துவிட்டு, 'அன்டில்' என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் வேறு என்று யாரும் வாதாடக்கூடாது அல்லவா! அமெரிக்கர்கள் இதற்காகவே 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்கிறார்கள். 'த்ரூ' என்றால் கடைசி நாளும் உட்படும்.

ஆகவே கணக்கர் தம்பிக்கு என் ஆலோசனை: பணமோ சரக்கோ தேதியைப் பொறுத்திருக்கும் இடத்தில் 'அன்டில்' மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். 'அன்டில் ஃப்ரைடே ஈவினிங்' என்று மணியையோ பொழுதையோ சேர்த்துவிடுங்கள்.

உச்சிப்புளி ஆசிரியர் மீண்டும்:

கீழக்கரைத் தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரியே. ஆனால் 'கட்சி மாறுகிறது' என்பதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 'க்ளோஸ்ட் அன்டில் மண்டே' என்னும்போது மூடியிருக்கும் நிலை திங்கள் என்னும் எல்லையைத் தொட்டவுடன் முடிகிறது. 'ஓப்பன் அன்டில் மண்டே' என்னும்போது திங்களின் வேலைநேரம் முடிவதையே எல்லையாக எடுத்துக்கொள்கிறோம். சொல் இரண்டு இடத்திலும் எல்லையைத்தான் சுட்டுகிறது. நாள் என்பது ஒரு புள்ளியா, நீளமா என்பதில்தான் நம் கணக்கு மாறுகிறது. எனினும் மேலாளரிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்லிப் பயனில்லை என்பதால், மணியைச் சேர்த்து எழுதுங்கள் என்ற ஆலோசனையை முழுமனத்தோடு வழிமொழிகிறேன்.

நாள் புள்ளியா நீளமா என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'க்குள்' என்று தமிழில் வரும் இடமெல்லாம் 'பை' ஆகாது. 'பத்தாம் தேதிக்குள்' என்பது 'பை தி டென்த்'. 'பத்து நாளுக்குள்' என்பதை 'பை டென் டேஸ்' என்று எழுதினால் தவறு; 'வித்தின் டென் டேஸ்' என்று எழுதவேண்டும். தேதி, கிழமை, மணி என்று நாள்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடியது எதுவோ அதற்கு 'பை'. இத்தனை நாள், இத்தனை மணி நேரம் என்று அளந்து சொல்வது எதுவோ அதற்கு 'வித்தின்'. தமிழ் இரண்டையும் 'உள்' என்னும் ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறது.

மண்டபம் வாசகர் எழுதிய பதில்:

'க்குள்' இரண்டு வேலை செய்வது போல, 'வரை'யும் இரண்டு வேலை செய்கிறது. நாம் இடத்துக்கும் 'வரை' என்கிறோம், காலத்துக்கும் 'வரை' என்கிறோம். 'அன்டில்' காலத்துக்கு மட்டுமே உரியது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை, தீவுக்குள் ரயில் போகவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்கு வந்த வடநாட்டு யாத்திரிகர்களிடம், 'ட்ரெயின் ரன்ஸ் ஒன்லி அன்டில் மண்டபம்' என்று நானே நூறு முறை சொல்லியிருப்பேன். அவர்களும் தலையாட்டிக்கொண்டு போனதால் அது தவறு என்றே தெரியாமல் இருந்தேன். 'ஒன்லி அப் டு மண்டபம்' என்றோ 'ஒன்லி அஸ் ஃபார் அஸ் மண்டபம்' என்றோ சொல்லியிருக்கவேண்டும். ஊர்ப் பெயருக்கு முன் 'அன்டில்' அறவே வராது என்றும் சொல்லிவிட முடியாது. 'ஸ்டே ஆன் தி ட்ரெயின் அன்டில் பரமக்குடி' என்பார்கள். அங்கே பரமக்குடி என்பது பரமக்குடி வந்துசேரும் நேரத்தைக் குறிக்கிறது.

'தனுஷ்கோடி வரை 1964 டிசம்பர் வரை ரயில் ஓடியது' என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப்பாருங்கள். தமிழில் இரண்டு 'வரை' அடுத்தடுத்து வந்தும் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் முதல் 'வரை' வெறும் 'டு' ஆகிறது, இரண்டாம் 'வரை' 'அன்டில்' ஆகிறது: 'தி ட்ரெயின் ரன் டு தனுஷ்கோடி அன்டில் டிசம்பர் 1964' என்று தொடங்கி, 'ரன்' என்பதை இறந்தகாலத்தில் 'ரேன்' என்று திருத்திக்கொள்ளவேண்டும். அதே செய்தியில் 'பை' வேண்டுமானால், பாலம் 1914-ல் திறக்கப்பட்டதை நினைத்து, 'பை தென், தி பிரிட்ஜ் ஹேட் கம்ப்ளீட்டட் ஃபிஃப்டி இயர்ஸ்' என்று எழுதலாம். 'பை'யோடு கடந்தகாலம் வரும்போது 'ஹேட்' சேர்வது பெருவழக்கு. 'அதற்குள் ஐம்பது ஆண்டு முடிந்திருந்தது' என்பதில் உள்ள 'இருந்தது'தான் அந்த 'ஹேட்'.

இடையில் ஒரு செய்தி. எங்கள் ஊர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் 'பத்து மணி மட்டும் இருந்தேன்' என்பார்கள். நமக்கு அது 'பத்து மணிக்கு மட்டுமே' என்று கேட்கும். அவர்கள் சொல்வது 'பத்து மணி வரை'. தமிழ் பேசுபவர்களுக்குள்ளேயே இந்த எல்லைச் சொல் இப்படி இடறும்போது, ஆங்கிலத்தில் தம்பி இடறியதை அவருடைய முதலாளி பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை.

பாம்பன் வாசகி மீண்டும்:

மண்டபம் அண்ணன் சொன்ன ரயிலைப் போலவே டோக்கனும் நல்ல எடுத்துக்காட்டு. விசைப்படகுகளுக்குக் கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாளில், ஒரு பேச்சுக்கு நான்கு மணி என்று வைத்துக்கொள்வோம், கொடுப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு மணி வரை கொடுத்துக்கொண்டிருப்பார். வாங்குபவர் நான்கு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். சன்னலுக்கு உள்ளே 'அன்டில் ஃபோர்', வெளியே 'பை ஃபோர்'. தாம் சன்னலின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தாலே பாதி நேரம் விடை கிடைத்துவிடும். கணக்கர் அண்ணன் நிறுவனத்துக்கு எழுதும்போது, டோக்கன் வாங்குபவரைப் போல, குறித்த நேரத்துக்குள் அனுப்பிவிட வேண்டியவர், ஆகவே 'பை'. வண்டி நிற்பதைப் பற்றி எழுதும்போது 'அன்டில்'.

தங்கச்சிமடம் கணக்கர் மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி முதலில் தமிழில் வினைமுற்றோடு எழுதிப் பார்த்தேன்: 'வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சரக்கை ஏற்றிவிடுவோம். ஏற்றி முடியும் வரை வண்டியை இங்கேயே நிறுத்திவைத்திருங்கள். ஐஸ் சனிக்கிழமை காலை வரை தாங்கும். பத்து நாளுக்குள் பணம் வந்துவிட வேண்டும்.' இதை இப்படி ஆங்கிலமாக்கியிருக்கிறேன்: 'வீ வில் லோட் பை ஃபைவ் ஓ க்ளாக் ஆன் ஃப்ரைடே ஈவினிங். ப்ளீஸ் கீப் தி வேன் ஹியர் அன்டில் தி லோடிங் வில் பீ ஓவர். தி ஐஸ் வில் லாஸ்ட் அன்டில் சாட்டர்டே மார்னிங். ப்ளீஸ் பே வித்தின் டென் டேஸ்.' முதலாளியிடம் காட்டுவதற்கு முன்பு உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

உச்சிப்புளி ஆசிரியர் மீண்டும்:

நான்கில் மூன்று பழுதில்லை, தம்பி. இரண்டாம் வாக்கியத்தில் 'வில் பீ' என்பதை எடுத்துவிட்டு, 'அன்டில் தி லோடிங் இஸ் ஓவர்' என்று எழுதுங்கள். 'முடியும் வரை' என்பதில் உள்ள 'முடியும்' உங்களை மீண்டும் எதிர்காலத்துக்கு இழுத்துவிட்டது.

தங்கச்சிமடம் கணக்கர் மீண்டும்:

திருத்தி, முதலாளியிடம் வாசித்துக்காட்டிவிட்டு அனுப்பினேன் ஐயா. 'நோட்டட்' என்று ஒரே சொல்லில் பதில் வந்திருக்கிறது. வண்டி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருமாம்.